படகு வருமானம், சின்னச் சம்பளம்: ராமநாதபுரம் கரைப்பக்கம் முதல் வீட்டுக்கு எப்படிச் சேர்ப்பது?

உச்சிப்புளி மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி மூணு வருஷம் ஆகிறது. நான் ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாதம் 11,500. வீட்டுக்காரர் மண்டபத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நல்ல மாதத்தில் இருபதாயிரம் தாண்டும், காற்று மாறினால் ஆறாயிரத்துக்கே இழுத்துப் பிடிக்கணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகு கரையில்தான். அந்த இரண்டு மாதத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000.

உச்சிப்புளியில் 4,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். இதுவரை 2,30,000 சேர்த்திருக்கிறோம். எட்டுப் பவுன் நகை இருக்கிறது. இப்போது ஒரு புரோக்கர் நாலு சென்ட் மனை, மொத்தம் ஐந்து லட்சம் என்று சொல்லி, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, இந்த வாரமே அட்வான்ஸ் போடுங்க" என்று நெருக்குகிறார். மாமியார், "எதுக்கு வெளியே மனை? நம்ம வீட்டிடத்திலேயே கட்டுங்க" என்கிறார். மாமியார் வீடு கடலிலிருந்து எண்பது மீட்டர்கூட இருக்காது. நத்தம் இடம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), பட்டா இறந்துபோன மாமனார் பேரில். மூணு அண்ணன் தம்பிகள், ஒரு நாத்தனார்.

நகையை அடகு வைத்து மனையை முடித்துவிடலாமா? இல்லை இன்னும் சேர்த்து, லோன் போட்டு, கட்டின வீடாகவே வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய காசாளர்

தங்கச்சி, கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நகைக் கடனுக்கு வந்து நின்ற பல இளம் தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் உங்கள் கணக்கிலிருந்தே பேசலாம்.

மூன்று வருஷத்தில் 2,30,000 என்றால் வருஷத்துக்கு 75,000 போல, மாதத்துக்கு 6,400 சேர்கிறது. தடைக்காலம், காற்றுக்காலம் எல்லாம் போக மிஞ்சியது அது. உங்கள் குடும்பத்தால் தவணையாகத் தாங்கக்கூடியதும் அவ்வளவுதான். வங்கிக்காரர் என்ன தொகை சொன்னாலும், புரோக்கர் என்ன கணக்குப் போட்டாலும் இந்த 6,400-ஐ விட்டு நகராதீர்கள். சொந்த வீட்டுக்குக் குடிபோன பிறகு வாடகை 4,000 மிச்சமாகும், அப்போது பத்தாயிரம் வரை தாங்கலாம். ஆனால் கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையும் வட்டியும் சேர்ந்தே ஓடும். அந்த இடைக்காலத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

எட்டு லட்சம் கடன், 15 வருஷம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 7,880. அதே எட்டு லட்சத்தை 13 சதவீதத்துக்குத் தனியார் வீட்டுக்கடன் கம்பெனியில் எடுத்தால் மாதம் சுமார் 10,120. பதினைந்து வருஷத்தில் வித்தியாசம் நாலு லட்சத்துக்கு மேல் போய்விடும். படகு வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்று தேசிய வங்கி தயங்கும், தனியார் கம்பெனி உடனே கையெழுத்து வாங்கும். அந்த நாலு லட்சம் கையில் காகிதம் இல்லாததற்குக் கொடுக்கிற விலை.

அதனால் இன்றிலிருந்தே காகிதம் சேருங்கள். பங்குப் பணம் கையில் வந்ததும் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் போடுவதை நிறுத்திவிட்டு, வந்த தொகை முழுவதையும் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு அதிலிருந்து எடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பேரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லை என்றாலும் தாக்கல் செய்யலாம். இரண்டு மூன்று வருஷத் தாக்கல் கையில் இருந்தால் மேலாளர் பேசுகிற விதமே மாறும்.

நகையைப் பற்றி. காகிதம் சரியில்லாத மனைக்காக நகையை அடகு வைக்காதீர்கள். அடகு வைத்தால் ஒரு வருஷத்தில் திருப்பணும், இல்லை வட்டி கட்டி மாற்றி வைக்கணும். உங்களுக்கு அந்தக் கெடு தடைக்காலத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்?

பத்திரம் படிப்பவன்

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கிற மனையைக் கண்டால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் தொழில்நுட்ப அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு, அதாவது டிடிசிபிக்குத்தான். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் உள்ள வரைபடம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது.

பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு இருக்கிறது. அனுமதியற்ற மனையைப் பதிவு செய்ய முடியாது. 20.10.2016-க்கு முன்பே அது தனி மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி விற்க வழியுண்டு. அதற்குப் பிறகு வயலை அளந்து கல் ஊன்றியது என்றால், டிடிசிபி அனுமதி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சில இடத்தில் பாதை, மனை என்று எதுவும் காட்டாமல் விவசாய நிலமாகவே நாலு சென்ட் எழுதித் தருகிறேன் என்பார்கள். பத்திரம் கைக்கு வந்தாலும் பின்னால் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் போகும்போது கதவு சாத்திவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: முப்பது வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), மூலப் பத்திரத்திலிருந்து இன்று வரை வந்த பத்திரங்கள், பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அரசுப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்). வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பட்டாவும் அ-பதிவேடும் வருவாய்த்துறை இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். அ-பதிவேட்டைத் தவறாமல் பாருங்கள். நம் கரைப்பக்கத்தில் கோயில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு, உப்பளத்துக்குப் பக்கத்து அரசு நிலம் எல்லாம் நெருக்கமாகக் கலந்து கிடக்கின்றன. பத்திரத்தில் ஒரு புல எண் இருக்கும், கல் ஊன்றியிருப்பது இன்னொன்றில் இருக்கும். சர்வேயரை வைத்து அளந்து பார்க்கிற செலவைப் பார்க்காதீர்கள்.

விற்பவர் சொந்தக்காரர் கொடுத்த "பவர்" (அதிகாரப் பத்திரம்) வைத்திருந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்றும் பாருங்கள்.

பதிவுச் செலவையும் கணக்கில் வையுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு 45,000. 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் மதிப்புக்குள் உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. உங்கள் பேரில் வாங்கினால் 5,000 மிச்சம். அது ஒருபக்கம் இருக்கட்டும், சொத்து உங்கள் பேரில் இருப்பதே நல்லது தங்கச்சி.

தொண்டி டீச்சர்

காசாளர் ஐயா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. மன்னிக்கணும்.

"சேர்த்த பிறகு வாங்கு" என்பது மாதச் சம்பளக்காரர் காலத்துப் பேச்சு. வருஷத்துக்கு 75,000 சேர்க்கிற தம்பதி ஐந்து வருஷம் காத்திருந்து நாலு லட்சம் சேர்ப்பதற்குள் அதே மனை எட்டு லட்சம் கேட்பார்கள். புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரம் பாதையில் கேட்கிற விலையை எல்லாரும் பார்க்கிறோம். தங்கும் விடுதிக்காகவும் முதலீட்டுக்காகவும் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போடுகிறார்கள். உள்ளூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வாடகைக்கு அலைகிறார்கள். எனக்கு இது கோபமாக வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

என் யோசனை: சின்னதாக, ஆனால் சீக்கிரம். நாலு சென்ட் வேண்டாம், இரண்டு சென்ட் போதும். ஊராட்சிக்குள் வேண்டாம், நகராட்சி அல்லது பேரூராட்சி எல்லைக்குள் பாருங்கள். மண்டபம் பேரூராட்சிதான். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகள். எல்லைக்குள் இருந்தால் 2024-ல் வந்த பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இல் விண்ணப்பிக்கலாம். சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கு நேரடி மானியப் பிரிவு ஒன்று உண்டு. கடன் வாங்கிக் கட்டினாலோ வாங்கினாலோ வட்டி மானியம் உண்டு: 25 லட்சத்துக்குள் கடன், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், அதில் முதல் எட்டு லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், மொத்தம் 1,80,000 வரை ஐந்து தவணையாகக் கடன் கணக்கில் சேரும். குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள். உங்களுக்கு எல்லாம் பொருந்துகிறது.

கடனை இளமையில் வாங்கினால்தான் ஐம்பது வயதுக்குள் முடியும். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

உச்சிப்புளி மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வில்லங்கத்துக்கு இன்று மாலையே எழுதிப் போடுகிறேன்.

டீச்சர் அக்கா சொன்னது மனசுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் மாதச் சம்பளமா அக்கா? எங்களுக்கு ஒரு மாதம் தவணை தவறினால் என்ன ஆகும் என்றுதான் ராத்திரியெல்லாம் யோசனை. போன வருஷம் பக்கத்துப் படகுக்காரர்களை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அந்த வீட்டில் மாதக்கணக்கில் வருமானமே இல்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

தொண்டி டீச்சர்

ஆமாம்மா, எங்கள் இருவருக்கும் சம்பளம். நீங்கள் சொல்வது நியாயமான பயம். தவணையை உங்கள் சம்பளத்தை மட்டும் வைத்து வாங்குங்கள், படகுப் பணத்தை எண்ணிக் கடன் தொகையை ஏற்றாதீர்கள். அந்த அளவுக்கு ஐயாவோடு ஒத்துப்போகிறேன்.

கடலோடி (பெரியபட்டினம்)

நானும் கடலுக்குப் போகிறவன்தான். நாட்டுப்படகு. வீட்டைப் பற்றிப் பேசும்போது கடலுக்குப் போகிற ஆளின் நேரத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கரையில் குடியிருந்தால் காற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம். கச்சான் காலத்தில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வாடையில் வடக்குக் கரை கொந்தளிக்கும். எந்தப் பக்கம் போகலாம் என்பது விடியலுக்கு முன் தெரியும். உள்ளே ஐந்து மைல் தள்ளி வீடு கட்டிக்கொண்டால் வலை, ஐஸ் பெட்டி, பெட்ரோல், தூக்கம் எல்லாவற்றுக்கும் செலவு. மனை விலை சென்ட்டுக்கு இவ்வளவு குறைவு என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மனைவியின் வேலை ராமநாதபுரம், கணவனின் வேலை மண்டபம். உச்சிப்புளி நடுவில் இருப்பதால்தான் நீங்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறீர்கள். அந்த யோசனை சரி. வாங்குவதும் அந்தப் பாதையிலேயே இருக்கட்டும், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

ஆனால் எண்பது மீட்டரில் கட்ட வேண்டாம் தங்கச்சி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையை நம் வீட்டுக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதைவிட, சட்டமே விடாது.

பத்திரம் படிப்பவன்

கடலோடி அண்ணே சொன்னதை விளக்குகிறேன். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில், மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப் பகுதியில் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை உச்சமாக ஏறும் எல்லை) 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை. ஏற்கெனவே அங்கீகாரத்தோடு இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், அதே அளவில் திரும்பக் கட்டலாம். 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோர மக்களுக்கு அனுமதியோடு வீடு கட்டச் சலுகை உண்டு. எண்பது மீட்டர் அதற்கும் முன்னால் வருகிறது. அங்கே புதிதாகக் கட்ட வங்கிக் கடனை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் அந்த இடம் உங்களுக்குப் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அவர் சொந்தமாகப் பெற்ற இடம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், மூன்று மகன்கள், ஒரு மகள் என ஐந்து பேருக்கும் சம பங்கு. நாத்தனாருக்கும் அதே பங்கு, அதை யாரும் விட்டுவிட்டுப் பேசக்கூடாது. அண்ணன் அங்கேயே குடியிருக்க விரும்பினால், உங்கள் வீட்டுக்காரர் தன் பங்கை விடுதலைப் பத்திரமாக அவருக்கு எழுதிக்கொடுத்து அதற்கு ஒரு தொகை வாங்கலாம். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. முதலில் வாரிசுச் சான்றிதழ் எடுத்துப் பட்டாவை ஐந்து பேர் பேருக்கும் மாற்றுங்கள். இதைச் சண்டையாக்காமல், மாமியாரை உட்கார வைத்து நிதானமாகப் பேசுங்கள். அவர் இருக்கிற வரைக்கும் அவர் அந்த வீட்டில் இருக்கிற உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

கொத்தனார் மகன்

நான் கட்டட வேலை சூப்பர்வைசர். மனையைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள், கட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நம்ம பக்கம் வீடு விழுவது உப்பால். பத்து வருஷம் ஆன வீட்டுக்குள் போய் லிண்டலுக்கு அடியில் நிமிர்ந்து பாருங்கள். பூச்சு வயிறு தள்ளி நிற்கும், விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். உடைத்தால் உள்ளே கம்பி செதில் செதிலாக உரியும். சுத்தியல்கூடத் தேவைப்படாது, கையிலேயே உதிரும். காரணம் பெரும்பாலும் இரண்டு: உவர் தண்ணீரில் கலவை போட்டது, கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் மூடாதது.

இந்தியத் தரநிலை 456-இன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கரைப்பக்கத்துப் போர் தண்ணீர் பல இடத்தில் வாயில் வைக்க முடியாது, கான்கிரீட்டுக்கு மட்டும் அது ஆகுமா? டேங்கர் தண்ணீருக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கடல் மணல் பக்கமே போகாதீர்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைத்தார்களா என்று கான்கிரீட் போடுவதற்கு முன் நீங்களே குனிந்து பாருங்கள்.

அடுத்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது. காசு வர வரக் கட்டலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். மதுரையில் அது சரி. இங்கே தூண் கம்பியை வானத்தைப் பார்க்க நீட்டி வைத்துவிட்டு இரண்டு வருஷம் விட்டால் உப்புக் காற்றில் கம்பி போய்விடும். அதனால் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யணும். முதல் நிறுத்தம் பேஸ்மட்டம், மேலே மண் நிரப்பி இறுக்கி விட்டுவிடலாம். அடுத்து ஆரம்பித்தால் கான்கிரீட் கூரை வரை ஒரே மூச்சில் போகணும். கூரை விழுந்துவிட்டால் பிறகு பூச்சு, தரை, கதவு எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்யலாம், உள்ளே குடியிருந்துகொண்டே. நானூறு சதுர அடி வீட்டுக்குத் தூணே வேண்டாம், நல்ல செங்கல் சுவரே தாங்கும். வெளியே நீட்டி நிற்கும் கம்பி இருந்தே ஆகும் என்றால் சிமெண்ட் பால் பூசிச் சாக்கு சுற்றி வையுங்கள்.

வங்கிக் கடனும் இப்படித்தான் கட்டம் கட்டமாக வரும், அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று. மழை ஐப்பசி கார்த்திகையில். தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் சித்திரைக்குள் கூரை. அப்புறம் தடைக்காலம். கூரைக்குத் தண்ணீர் விடுவது, கல் சுமப்பது எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் கரையில் இருக்கிற மாதங்களில் அவரே செய்யலாம், ஆள் கூலி மிச்சம்.

கீழக்கரை லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வட்டி வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணத்தில் வீடு கொடுக்கிற வழக்கம் உண்டு. வசதியான வீடுகளில் அது சுலபம். வசதியில்லாத வீட்டில் அண்ணன் தம்பிகள் அரபு நாட்டில் பத்து வருஷம் வெயிலில் நின்று ஒரு தங்கைக்கு ஒரு வீடு கட்டுகிறார்கள். அந்தப் பணம் வந்து மனை விலை ஏறியதும் உண்மை, டீச்சர் சொன்னது சரி. உள்ளூரிலேயே கடையில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த விலை எட்டவில்லை.

நானும் என் மாப்பிள்ளையும் (வீட்டுக்காரர்) வட்டிக்கடன் எடுக்கவில்லை. நகையை அடகு வைக்காமல் பாதியை விற்றோம். மனை எங்களுக்கு வந்தது உம்மா வீட்டுப் பின்கட்டை இரண்டாகப் பிரித்து, எங்கள் பேரில் செட்டில்மெண்ட் எழுதியதில். கூரை வரைக்கும் கட்டி, கதவு இல்லாமல் தகரம் வைத்துக் குடிபோனோம். சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். நகையை விற்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அடகில் இருக்கிற நகையும் கழுத்தில் இல்லை, வட்டி மட்டும் மேலே ஏறும். மருமகள், காகிதம் சரியான மனை கிடைத்தால் மட்டும் இதை யோசியுங்கள். எல்லாவற்றையும் விற்க வேண்டாம், மூணு பவுனாவது கையில் வையுங்கள்.

பாசிக்கரை அக்கா

நான் மண்டபம் பக்கம் பாசி வளர்க்கிற குழுவில் இருக்கேன். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருதே, அதை நான் தொடுறதே இல்லை, அப்படியே தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு (மாசா மாசம் போடுற சேமிப்பு) போகுது. சுய உதவிக் குழுவுல சந்தா போடுறேன், குறைஞ்ச வட்டிக்கு உள்கடனும் கிடைக்கும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துல வீட்டுக்காரர் 1,500 கட்டினா அரசு 3,000 சேர்த்து 4,500 குடுக்குது, பெண்களுக்கும் தனியா இருக்கு. சின்னத் தொகைன்னு விட்டுடாதீங்க. எங்க ஊர்ல ஒருத்தர் தீபாவளிச் சீட்டு நடத்தி ஓடிப்போனார், பல பேர் வீட்டுக் கனவு அதோட போச்சு. சீட்டுல போடாதீங்க தங்கச்சி.

பழைய காசாளர்

பாசிக்கரை அம்மா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எல்லாச் சீட்டும் மோசம் இல்லை. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டு என்றால், நடத்துகிறவர் ஜாமீன் தொகை கட்டியிருப்பார், பதிவாளரிடம் முறையிட இடமுண்டு. தெருவில் நோட்டில் எழுதி நடத்துகிற சீட்டுக்கு அது எதுவும் கிடையாது. ஏலச்சீட்டில் அவசரத்துக்குத் தொகையைத் தள்ளுபடி விட்டுச் சீக்கிரம் எடுத்தால் இழப்பு கூடுதல். மனைக்கு என்று சேர்க்கிறவர் கடைசி வரை எடுக்காமல் இருந்தால்தான் லாபம், அந்தப் பொறுமைக்கு ஆர்.டி.யே போதும். மாதம் 5,000 வீதம் அஞ்சலக ஆர்.டி.யில் ஐந்து வருஷம் போட்டால், இப்போதுள்ள 6.7 சதவீத வட்டிக்கு முடிவில் 3,56,000-க்கு மேல் வரும். நடுவில் அவசரம் என்றால் ஒரு வருஷம் கட்டிய பிறகு பாதி வரை கடன் எடுக்கலாம்.

டீச்சருக்கு: விலை ஏறும் என்ற உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரு கைது, ஒரு இன்ஜின் பழுது, ஒரு பிரசவம் வந்தால் கவிழ்கிற கடனை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதத் தவணையும் ஆறு மாதச் சாப்பாடும் தனிக் கணக்கில் இருக்கட்டும், அதன் பிறகு நீங்கள் சொல்கிற இரண்டு சென்ட்டை வாங்கட்டும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. நல்ல மீன்பாடு கிடைத்த மாதத்தில் அசலில் இரண்டாயிரம் மூவாயிரம் போட்டாலும் வருஷங்கள் குறையும். கடலுக்குப் போகிறவருக்கு மிகவும் பொருந்தும் வழி அதுதான்.

கடலோடி (பெரியபட்டினம்)

சரியாச் சொன்னீங்க ஐயா. நல்ல பாடு வந்த அன்றைக்கே போடணும். மறுநாள் அந்தக் காசு இருக்காது.

உச்சிப்புளி மருமகள்

வில்லங்கம் எடுத்துப் பார்த்தோம். அந்த ஐந்து லட்ச மனை 2019-ல் வயலாக வாங்கியது, அதற்குப் பிறகு துண்டு போட்டிருக்கிறார்கள். டிடிசிபி எண் எதுவும் இல்லை. புரோக்கரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பத்திரம் படிப்பவர் அண்ணே, உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மாமியாரிடம் பேசினோம். முதலில் அழுதார். அவருக்குக் கடைசி வரை அங்கே இருக்கிற உரிமை எழுதித் தருவோம் என்றதும் சமாதானம் ஆனார். மூத்த அத்தான் பங்கை எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் ஒரே தடவையில் பணம் தர முடியாது, இரண்டு வருஷம் கேட்கிறார். நாத்தனாருக்கு ஏற்கெனவே சம்மதம், ஆனால் அவரும் தன் பங்குக்குப் பணம் வேண்டும் என்கிறார். நியாயம்தான்.

மண்டபம் பேரூராட்சிக்குள் இரண்டரை சென்ட், டிடிசிபி அனுமதியுள்ள மனை ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அட்வான்ஸ் போடவில்லை. இரண்டு கேள்வி. மாமியார் வீட்டுக்கு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் பணம் கிடைக்குமா? அந்த வீடு முன்பக்கம் ஓடு, பின்பக்கம் ஓலை. அத்தான் இரண்டு வருஷத்தில் தருகிறேன் என்பதை நம்பி இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாமா?

பத்திரம் படிப்பவன்

இரண்டாவது கேள்விக்கு முதலில். முழுத் தொகை கைக்கு வருவதற்கு முன் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டாம். எழுதிப் பதிந்துவிட்டால் பங்கு போய்விட்டது, பாக்கிப் பணம் அண்ணன் தம்பி பேச்சாக மட்டும் நிற்கும். அதற்குப் பதில் இப்போது வாரிசுச் சான்றிதழ், கூட்டுப் பட்டா இரண்டையும் முடியுங்கள். தவணை எப்போது எவ்வளவு என்று முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம், ஐந்து பேர் கையெழுத்தோடு. ஒவ்வொரு தவணையும் வங்கி வழியாக. கடைசித் தவணை அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம். உறவும் கெடாது, காகிதமும் இருக்கும்.

கனவு இல்லம் 2024-ல் வந்தது. ஒரு வீட்டுக்கு 3,50,000, குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. கிராமப்புறத்தில் குடிசையில் குடியிருப்பவர்களுக்கு, சொந்த இடம் இருக்க வேண்டும். உங்கள் மாமியார் வீடு முன்பக்கம் ஓடு என்பதால் கணக்கெடுப்பில் குடிசை என்று பதிவாகியிருக்கிறதா என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பார்க்கணும். அதோடு எண்பது மீட்டர் சிக்கலும் இருக்கிறது. மாமியார் பேரில் மனு கொடுங்கள், ஆனால் உங்கள் திட்டத்தை அதை நம்பி நிறுத்தி வைக்காதீர்கள்.

தொண்டி டீச்சர்

மண்டபம் மனை நல்ல முடிவு. விற்பவரிடம் மூன்று மாத அவகாசத்தோடு கிரய ஒப்பந்தம் போட முடியுமா என்று கேளுங்கள், ஒப்பந்தத்தையும் பதிந்துகொள்ளுங்கள். நகர்ப்புறத் திட்ட விண்ணப்பத்துக்கு இருவர் ஆதாரும், வருமானச் சான்றும், வேறு வீடு இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றை இப்போதே போட்டு வையுங்கள்.

கொத்தனார் மகன்

மனை முடிந்தால் சொல்லுங்க மதினி, தண்ணீர் எப்படி இருக்குன்னு நானே வந்து பார்க்கிறேன். 2,500 சதுர அடிக்குள்ள மனையில சின்ன வீட்டுக்குச் சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனே அனுமதி எடுத்துக்கலாம், 2024 ஜூலையிலிருந்து இருக்கு. இரண்டரை சென்ட் ஆயிரத்துச் சொச்சம் சதுர அடிதான் வரும், அதுக்குள்ள அடங்கும். பிளான் போடுறவர் கடலோர மண்டலத்துக்குள்ள வருதான்னு அளந்து பார்த்துட்டுத்தான் போடணும், அதை மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க.

உச்சிப்புளி மருமகள்

கடலிலிருந்து அரை மைலுக்கு மேலே இருக்கும் தம்பி, ஆனாலும் அளக்கச் சொல்கிறேன். வருமானச் சான்றுக்குத் திங்கட்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கணக்கில் இந்த வாரப் பங்கு முழுவதும் போட்டாயிற்று.